தேதி கொடுக்கும்வரை

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் ஒரு பாறை தெரியும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுரீரென்று வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு அதிகம் என்பது ஆட்டம் போகப் போக மாறிக்கொண்டே இருக்கும். ஆடுபவர்களின் கண்மணி விரிவதையும் தோலில் வியர்வை சுரப்பதையும் கருவிகள் அளந்துகொண்டிருந்தன. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் பதற்றம் உச்சத்தில் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. பாம்பு இருக்கவும் இல்லாமல் போகவும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தைத் தொட்டது. அடி விழப்போவது உறுதி என்று தெரிந்தபோது உடம்பு அதைவிட அமைதியாக இருந்தது.

புற்றுநோய் என்று உறுதியாகி, சிகிச்சை தொடங்கும் தேதி இன்னும் கைக்கு வராத வீடுகளில் நடப்பது இதுதான். கீமோ ஏறத் தொடங்கிய பிறகு உடம்பு படும் பாடு தனி. ஆனால் தூக்கம் போனது, சோறு இறங்காமல் போனது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்தது எல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில்தான் என்று நோயைக் கடந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியபோது ஏதோ ஒரு நிம்மதி வந்தது என்றும் அவர்களே சொல்வார்கள். மருந்து தொடங்காத அந்த நாட்களில் ஒரு மனிதருக்குக் கைகொடுப்பவர்கள் கூட இருக்கும் ஆட்கள். அவர்களோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இதற்கு அறிவியல் சான்றும் இருக்கிறது. ஆனால் இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. நம் ஊர் வீடுகளில் அடிக்கடி மீறப்படுவது அந்த நிபந்தனைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஏன் இத்தனை நாள் காக்கவைக்கிறார்கள்? நோயாளியின் மனத்தை அரிக்கும் முதல் கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி பதைப்பு அடங்கும்.

கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். திசு அழுகாமல், செல்களின் வடிவம் குலையாமல் நிலைப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அதன் மீது பிறகு செய்யும் சோதனைகள் தவறான விடை தரக்கூடும். அடுத்து, அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக வெளியேற்றி, உருக்கிய பாரஃபின் மெழுகை ஊட்டி உறையவைப்பார்கள். அந்த மெழுகுத் துண்டை மைக்ரோடோம் என்ற கருவியில் பொருத்தி மூன்று, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். அது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அப்படிச் சீவிய ஏட்டை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகுதான் நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். புற்று உண்டா, எந்த வகை என்பது அப்போது தெரிகிறது. மார்பகப் புற்று என்றால் வேலை அதோடு முடியாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 புரதம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஹெர்-2 இரண்டும்கெட்டானாக '2+' என்று வந்தால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனைக்கும் அனுப்புவார்கள். டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து பயன்படுமா என்பது அந்த விடையைப் பொறுத்தது. அதற்கு மேலும் சில நாட்கள்.

பிறகு நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன். பெட் ஸ்கேனுக்கு முன் ஏற்றும் சர்க்கரைப் பொருளில் இருக்கும் ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். அதைத் தயாரித்து வைத்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் குறித்த நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்கிறார்கள். வாய், தொண்டைப் பகுதியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கப் போகிறார்கள் என்றால் முதலில் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது. சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்கி, ஈறு ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும். அதன் பின் முகத்துக்கு மாஸ்க் எடுப்பார்கள். சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படரவிட்டால் சில நிமிடங்களில் இறுகி, அந்த முகத்துக்கே உரிய அச்சாகிவிடும். அதை மாட்டியபடி ஒரு ஸ்கேன். அதன் மீது மருத்துவர் கட்டியின் எல்லையையும் காப்பாற்ற வேண்டிய உறுப்புகளின் எல்லையையும் அடுக்கடுக்காக வரைவார். இயற்பியலாளர் எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் என்று கணக்கிட்டு, எந்திரத்தில் சரிபார்ப்பார். நோயாளிக்கு இது எதுவும் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது 'அடுத்த வாரம் வாங்க' என்ற வாக்கியம் மட்டும்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பார்ப்பவர்களுக்கு இதற்கிடையில் அப்ரூவல் வர வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் வருமானச் சான்று என்று அலைச்சல் வேறு.

இந்த நாட்கள் எல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்றும் சொல்லக் கூடாது. ஏழு வகைப் புற்றுநோய்களில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அறுவை சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்றது அது. பெரும்பாலான திடக் கட்டிகள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வளர்ந்தவை. சரியான சிகிச்சையைத் திட்டமிட ஓரிரு வாரங்கள் எடுப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. நல்ல நாள் பார்ப்பதற்கும், இன்னொரு வைத்தியத்தை முயன்று பார்ப்பதற்கும் மாதங்களைச் செலவழிப்பதுதான் ஆபத்து. அக்யூட் லுகேமியா போன்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு இந்த ஓரிரு வாரக் கணக்குகூடப் பொருந்தாது. அங்கே உடனே அட்மிட் செய்துவிடுவார்கள். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எந்தத் தேதிக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும்? பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ரிப்போர்ட் வந்துவிட்டது, எது பாக்கி, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். நோய் குணமாகுமா என்ற நிச்சயமின்மையை நோட்டால் போக்க முடியாது. நாளைக்கு என்ன நடக்கும் என்ற நிச்சயமின்மையைப் போக்க முடியும். பாறையும் பாம்பும் சோதனையைப் படித்த பிறகு அதுவே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி சிரிப்பு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பணியாற்றிய ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியலாளர், கடைவீதியிலும் நடைபாதையிலும் மனிதர்கள் தாமாகச் சிரித்த 1,200 தருணங்களைக் கவனித்துக் குறித்தார். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'அப்படியா', 'சரி, பார்ப்போம்', 'இவன் எங்கே போனான்' மாதிரியான சாதாரணப் பேச்சுகளுக்குத்தான் மக்கள் அதிகம் சிரித்தார்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் கண்டார். ஜோக்கின் தரத்தைவிடப் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் சிரிப்பைக் கிளப்புகிறது.

அந்தச் சிரிப்பு உடம்புக்குள் என்ன செய்கிறது? சிரிக்கும்போது வயிற்றுத் தசையும் விலாத் தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. ஒரு 'ஹ'வுக்கும் அடுத்த 'ஹ'வுக்கும் இடையே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். தசைகளுக்கு அது நல்ல உழைப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பரும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிரிப்புக் காட்சிகளைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஆட்களின் வலி தாங்கும் திறனை அளந்தார்கள். உறையவைத்த உறையை முன்கையில் மாட்டுவது, ரத்த அழுத்தப் பட்டையை இறுக்குவது ஆகியவை அவர்கள் கையாண்ட முறைகள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் முன்பைவிட அதிக வலியைத் தாங்கினார்கள். சிரிப்பில்லாத காட்சிகளைப் பார்த்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மூளை தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 2017இல் ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தார் அதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். 12 ஆண்கள் தங்கள் நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிப்புக் காட்சிகளைப் பார்த்த பின் அவர்களைப் பெட் ஸ்கேனில் படுக்கவைத்தபோது, தலாமஸ் உள்ளிட்ட பகுதிகளில் இயற்கையான ஓபியாய்டுகள் கூடுதலாகச் சுரந்திருந்தது தெரிந்தது. மார்ஃபின் போய்ச் சேரும் அதே ஏற்பிகளில்தான் இவையும் போய் ஒட்டுகின்றன.

அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், புற்றுநோயாளிகள் அல்லவே என்று கேட்கலாம். சரியான கேள்வி. மயாமி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கார்வர் 1993இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. ஆரம்ப நிலை மார்பகப் புற்று கண்டறியப்பட்ட 59 பெண்களை, நோய் உறுதியானபோதும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளும், பிறகு ஓராண்டு வரை பல கட்டங்களிலும் அவர் குழு சந்தித்துப் பேசியது. நோய் வந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டவர்களும், அதை வைத்துச் சிரிக்க முடிந்தவர்களும் பின்னாட்களில் குறைவாகத் துயரப்பட்டார்கள். எனக்கு நோயே இல்லை என்று மறுத்தவர்களும், எதிலும் ஈடுபடாமல் கைவிட்டு உட்கார்ந்தவர்களும் அதிகம் துயரப்பட்டார்கள். ஏற்றுக்கொள்வதும் சிரிப்பதும் ஒரே பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். நோயை மறந்தால்தான் சிரிப்பு வரும் என்ற நம் எண்ணத்துக்கு இது நேர் எதிர்.

இங்கே ஒரு எல்லைக்கோடு போட்டாக வேண்டும். அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கசின்ஸ், தான் மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் பார்த்துச் சிரித்தே நோயை வென்றதாக 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்றார். 1979இல் அது புத்தகமாகி உலகம் முழுவதும் பரவியது. அவருக்கு வந்தது முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய், புற்றுநோய் இல்லை. ஆனால் கதை பரவப் பரவ 'சிரித்தால் கேன்சரும் ஓடும்' என்று ஆகிவிட்டது. ஓடாது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை ஆராய்ந்து ஜேம்ஸ் காய்ன் குழு 2007இல் எழுதிய கட்டுரை, மனநலத்துக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை மார்பகப் புற்று முற்றிய பெண்களின் ஆயுளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது என்று 1989இல் டேவிட் ஸ்பீகல் சொன்னபோது உலகமே வியந்தது. கனடாவில் பமேலா குட்வின் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார். ஆயுள் நீளவில்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்தது, வலி குறைவாகத் தெரிந்தது.

வலி குறைவதும் மனம் லேசாவதும் சின்ன விஷயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு மேல் சிரிப்பின் தலையில் சுமத்துவதுதான் கொடுமை. புற்றுநோயாளிகளின் மனத்தைக் கவனிப்பதையே ஒரு மருத்துவத் துறையாக வளர்த்த ஜிம்மி ஹாலண்ட் என்ற மருத்துவர், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பல்லாண்டு நோயாளிகளைக் கண்டவர். எப்போதும் நல்லதையே நினை என்று நோயாளியை நெருக்குவதை அவர் ஒரு கொடுங்கோன்மை என்றே சொன்னார். 'தைரியமா இருந்தா சரியாயிடும்' என்று வருபவர் போகிறவரெல்லாம் சொல்லிவிட்டுப் போனால், நோய் முற்றும்போது அந்த மனிதர் தன் தைரியம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். அழ வேண்டிய நாளில் அழுவதற்கு அவருக்கு உரிமை உண்டு.

இப்போது அந்த நிபந்தனை. சிரிப்பு வர வேண்டுமானால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்.' தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. மகன் ரிப்போர்ட்டைப் பையின் அடியில் ஒளித்துவைக்கிறான். மருமகள், 'சின்னக் கட்டி மாமா, எடுத்துட்டா சரியாயிடும்' என்கிறாள். போய் இறங்கிய மருத்துவமனையின் பெயர்ப் பலகையில் புற்றுநோய் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மொட்டைத் தலையோடு கீமோவுக்குக் காத்திருக்கிறார். மாமாவுக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்ததைக் காட்டினால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் தெரியாததுபோலவே இருந்துவிடுகிறார். அன்பினால்தான் இரண்டு தரப்பும் இதைச் செய்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுப் பேச வேண்டிய வீட்டில் யாரால் வாய்விட்டுச் சிரிக்க முடியும்? நோயாளி ஒரு பக்கம் தனியாகப் பயப்படுகிறார், குடும்பம் மறுபக்கம் தனியாகப் பயப்படுகிறது.

எப்படிச் சொல்வது என்பதற்கும் வழி உண்டு. டெக்சாஸின் வால்டர் பெய்ல், டொரண்டோவின் ராபர்ட் பக்மன் உள்ளிட்டோர் 2000இல் வகுத்த ஆறு படி முறை இன்று உலகெங்கும் மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதன் உயிர்நாடி, சொல்வதற்கு முன் கேட்பதில் இருக்கிறது. உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், இதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் விரும்பும் அளவுக்குச் சொல்வது. 'எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், என் மகள்கிட்ட பேசிக்கோங்க' என்று ஒரு பாட்டி சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அது அவரே எடுத்த முடிவு. பிள்ளைகள் அவருக்காக எடுத்த முடிவு இல்லை. வீட்டிலிருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அவர்கள் மொழியில் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால், தான் செய்த ஏதோ குறும்பினால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்றுகூடக் குழந்தை எண்ணிக்கொள்ளும்.

உண்மை தெரிந்த வீடு எப்படியிருக்கும் என்பதை என் பெரியப்பாவிடம் பார்த்தேன். பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முன் நுரையீரலைத் தயார்படுத்த மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நீலக் குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். பக்கத்தில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அத்தனை மில்லிலிட்டர் காற்று ஒரு நொடிக்கு உள்ளே போகிறது என்று பொருள். எல்லோரும் செய்வதுபோலப் பெரியப்பாவும் கன்னம் உப்ப ஊதினார். ஒரு பந்தும் அசையவில்லை. 'ஊதக் கூடாது தாத்தா, ஜூஸ் குடிக்கிற மாதிரி உறிஞ்சணும்' என்றான் பேரன். உறிஞ்சினார். முதல் பந்து பாதி ஏறி விழுந்தது. குழாயை எடுத்துவிட்டு, 'நாப்பது வருஷமா பீடிய உறிஞ்சினேன், அப்ப பந்து வச்சிருந்தா மூணும் மேலதான்டா நின்னிருக்கும்' என்றார். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து முகம் தெளியாமல் இருந்த பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணையும் அதே முந்தானையால் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் போட்டி.

இப்படி அறுவை சிகிச்சைக்கு முன் செய்யும் பயிற்சி வெறும் பொழுதுபோக்கு இல்லை. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பெருங்குடல், மலக்குடல் புற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 77 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நடை, உடற்பயிற்சி, புரதச் சத்து, பதற்றம் தணிக்கும் பயிற்சி ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே தொடங்கினார்கள். மறுபிரிவுக்கு அதையே அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து, முன்பு நடந்த அளவுக்கு நடக்க முடிந்தவர்கள் முதல் பிரிவில் 84 சதவீதம், இரண்டாவதில் 62 சதவீதம். இது 2014இல் வெளியான முடிவு. காத்திருக்கும் நாட்கள் சிகிச்சையின் பகுதியாகவே ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மாலையில் தெருமுனை வரை கூட நடந்து போக ஒருவர், முட்டையும் பருப்பும் தட்டில் விழுகிறதா என்று பார்க்க ஒருவர், பீடி சிகரெட்டை விட்ட எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள ஒருவர். இதையெல்லாம் செய்ய வீட்டில் ஆள் வேண்டும்.

பெரியப்பா தன் பீடியைப் பற்றித் தானே சொன்னதால்தான் அது சிரிப்பாயிற்று. அதையே பார்க்க வந்த ஒரு மச்சான் சொல்லியிருந்தால் அந்த இடம் இறுகிப் போயிருக்கும். கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003இல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்: உறவை இணைப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. முதல் இரண்டும் மனநலத்தோடு சேர்ந்து போகின்றன. பின்னிரண்டும் அப்படியல்ல. நோயைப் பற்றிய முதல் வேடிக்கைப் பேச்சு நோயாளியின் வாயிலிருந்து வரட்டும், மற்றவர்கள் பின்னால் போகலாம். அதுவரை பழைய குடும்பக் கதைகளும் வடிவேலு காமெடியும் இருக்கவே இருக்கின்றன. ஒரு நோயாளி தன்னைப் பற்றிச் சொல்லும் ஜோக்கெல்லாம் 'நான் உங்களுக்குப் பாரம்' என்றே முடிந்தால், சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பக்கத்தில் உட்காருவதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஜேம்ஸ் கோன் என்ற உளவியல் ஆய்வாளர் 2006இல் வெளியிட்டது. திருமணமான 16 பெண்கள் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்திருந்தார்கள். கணுக்காலில் மின்னதிர்ச்சி வரலாம் என்ற அறிகுறி திரையில் தோன்றும். தனியாக இருந்தபோது மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள பகுதிகள் பரபரப்பாயின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கின. கணவர் பிடித்தபோது நன்றாகவே அடங்கின. தம்பதியின் அன்னியோன்னியம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடக்கம்.

குடும்பத்தின் துணை ஆயுளையும் தொடுகிறது என்றே தெரிகிறது, ஆனால் வேறு வழியாக. அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஒரு கட்டுரையில், திருமணமானவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. குணமாக்கும் சிகிச்சையும் கூடுதலாகக் கிடைத்தது. இதில் வருமானம், படிப்பு என்று வேறு காரணங்களும் கலந்திருக்கும். ஆனாலும் டாக்டரிடம் போ என்று சொல்லவும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வரவும், அடுத்த தேதியை நினைவில் வைத்திருக்கவும் ஒருவர் இருப்பதன் பலன் அதில் தெரிகிறது. அந்த ஒருவர் கணவனாகவோ மனைவியாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காவாக இருக்கலாம், எதிர்வீட்டுத் தோழியாக இருக்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமே 1954இல் ஒரு குடும்பத் துயரிலிருந்து பிறந்ததுதான். அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

துணை என்ற பெயரில் வரும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, இதே நோயில் போன ஒன்றுவிட்ட அத்தையின் கடைசி நாட்களை விவரிப்பவர்கள். குடித்தால் கேன்சர் கரையும் என்று கஷாயப் பொட்டலம் நீட்டுபவர்கள். சில மூலிகைகள் கல்லீரலைத் தாக்கும், சில ரத்தம் உறைவதைக் குலைக்கும். எதைக் குடிப்பதானாலும் முதலில் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது தனி டம்ளர், தனித் தட்டு. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, எச்சில் தண்ணீரில் வராது, ஒரே பாயில் படுத்தால் தொற்றாது. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளும் சுகத்தை அந்த மனிதரிடமிருந்து பறிக்க எந்தக் காரணமும் இல்லை. வருபவர்களிடம் பேசவும், போனில் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லவும் வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், நோயாளி ஒரே கதையை ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நோய் இருக்கும்போது சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். டிவியை அணைத்துவிடுகிறார்கள், பொங்கலுக்குக் கோலத்தைச் சின்னதாகப் போடுகிறார்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவதில்லை. நோயாளி இதையெல்லாம் கவனிக்கிறார். தன்னால்தான் வீடு இருண்டது என்று எண்ணுகிறார். கேக் வாங்குங்கள். கோலம் பெரிதாகவே இருக்கட்டும்.

சிலருக்கு எதைச் செய்தாலும் சிரிப்பு வராது. அவர்களை வற்புறுத்தக் கூடாது. புற்றுநோய் மருத்துவமனைகளில் வெப்பமானியின் படம் அச்சிட்ட ஒரு தாளைக் காட்டுவார்கள். கடந்த ஒரு வாரத்தில் மன உளைச்சல் எவ்வளவு என்று பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை நோயாளியே வட்டமிட வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேல் போனால் மனநல ஆலோசகர் பார்க்க வேண்டும் என்று கணக்கு. வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்கலாம், நோயாளியிடம் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் சிகிச்சைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அடையாறு உள்படப் பெரிய புற்றுநோய் மையங்களில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது; ஓபி சீட்டு போடும் இடத்திலேயே எங்கே என்று கேட்கலாம். அது எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.